நான்கு ஞாயிறும் ஒரு பென்டிரைவும்

என் மகள் பிறந்த ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாரோயில் இருக்கும் என் வீட்டிலிருந்து கோலா சாவா பக்கம் இருக்கும் எஸ்டேட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு எங்கே புறப்பாடு என்று மாமியார் கேட்டார். "அக்காவுக்குக் குரல் கொண்டு போறேன்" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்கு விளையாட்டும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை.

அந்த வருஷம் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடந்தன. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து என் மனைவி உண்டானாள். அதே மாதத்தில், அக்காவின் தொண்டையில் இருப்பது சளிக்கட்டு இல்லை என்று தெரிந்தது. மனைவிக்கு மாதம் ஏற ஏற அக்காவுக்குக் குரல் இறங்கியது. ஐந்தாம் மாதம், ஆஸ்பத்திரிக் கீழ்மாடியில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, அங்கே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லிஃப்டில் மேலே போய், அக்காவின் குரல்வளையை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டுக்கும் ஒரே பேனா. சந்தோஷப்பட உட்கார்ந்தால் அக்கா ஞாபகம் வரும். அழ உட்கார்ந்தால் யாராவது இனிப்பு கொண்டுவருவார்கள். கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டேன். மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போனால் அது நம் கால்தானா என்று தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது எனக்கு.

அக்கா என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். எஸ்டேட் ஆயக்கொட்டகையில், அதாவது காட்டு வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையில், இருபத்தைந்து வருஷம் பிள்ளை பார்த்தவள். அவள் ஓர் அதட்டல் போட்டால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பேனாவைக் கீழே வைத்துவிடுவார் என்பார்கள். கடைசிச் சில வருஷங்களில் கொட்டகைக்கு வந்தவை பெரும்பாலும் இந்தோனேசியப் பிள்ளைகள். அக்கா அவர்களையும் தமிழில்தான் திட்டினாள். அவர்களும் தமிழிலேயே அழப் பழகிக்கொண்டார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் மூச்சு விடுவது கழுத்துத் துளை வழியாக. வாய்க்குக் காற்றே வராது. கிசுகிசுக்கக்கூட முடியாது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வற்றாத கழுத்துக்கு அது ஒத்துவரவில்லை. கைப்பேசியில் எழுதிக் காட்டலாம் என்றால், ஏற்றிய மருந்தில் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. திரையைத் தொட்டால் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. பென்சில் பிடித்தால் நழுவியது.

அதனால்தான் அந்தப் பழைய மடிக்கணினி. செண்டாயானில் நான் டெக்னீஷியனாக இருக்கும் தொழிற்சாலையில் கழித்துப் போட்டது. மின்கலம் செத்துப்போய், சுவரில் செருகினால் மட்டும் ஓடும். புதிதாக எதையும் தாங்காது என்பதால் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றித் தமிழ்த் தட்டச்சு வைத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அக்கா தானாக ஒரு வேலை செய்தாள். நெற்றிக்கு வைக்கும் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டுகளை வாங்கி, அடிக்கடி வேண்டியிருக்கும் விசைகள்மேல் ஒட்டினாள். கல் குத்தினால் மரத்த விரலுக்கும் கொஞ்சம் தெரியும். மூன்று மாதத்தில் எந்தப் பொட்டு எந்த எழுத்து என்று கைக்குப் பழகிவிட்டது. யாராவது வந்தால் திரையைத் திருப்பி வைத்துத் தட்டுவாள். அதில் வந்த முதல் வாக்கியம் பக்கத்து வீட்டுக்காரிக்கு. "ஏன் கத்துற, எனக்கு வாய்தான் இல்ல, காது இருக்கு."

இவ்வளவு போதாதா என்று கேட்கலாம். போதும்தான், என் மகள் பிறக்கும் வரைக்கும்.

எங்கள் குடும்பத்தில் குழந்தைக்கு முப்பதாம் நாள் பெயர் வைப்போம். அப்பாவின் உடன்பிறந்தவள், குழந்தைக்கு அத்தை, அதை மடியில் வாங்கி வலது காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாயால் கூப்பிடலாம். அதுவரை வெறும் பாப்பாதான். எனக்கு உடன்பிறந்தது அக்கா ஒருத்தி. பதினோரு வருஷமும் ஒவ்வொரு பொங்கலுக்கும், "நான் காதுல சொல்ல ஒரு பிள்ள குடுடா" என்று என்னை வம்புக்கு இழுத்தவள் அவள்.

மாமியார் மூன்றாம் நாளே பேச்சை எடுத்துவிட்டார். "சத்தமே வராம காதுல ஓதுனா அது பேராகுமா? உங்க சித்தப்பா மகளும் அத்தை முறைதானே. அவங்கள சொல்லச் சொல்லுங்களேன்."

"அக்காதான் சொல்லும்" என்றேன்.

"எப்படிலா சொல்லும்?"

"கம்ப்யூட்டர் பேசும். அக்கா பொத்தான அமுக்கும்."

மாமியார் கெட்டவர் இல்லை. அவருக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும், அவ்வளவுதான். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி, பேசுனா பாப்போம். பேசலன்னா நான் உங்க சித்தப்பா மகளுக்குச் சொல்லிருவேன்" என்றார். முப்பதாம் நாள் ஒரு புதன்கிழமை. அதற்குள் எனக்கு நான்கு ஞாயிறுகள் இருந்தன.

எழுதியதைத் தமிழில் படிக்கும் மென்பொருள் லினக்ஸுக்கு இருக்கிறது. இலவசம். பாரோயில் என் மேசைக் கணினியில் போட்டுப் பார்த்தேன், பேசியது. சிக்கல் எஸ்டேட்டில்தான். அக்காவின் லயத்து வீடு எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் நிற்கும் இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. அங்கே இணையம் கிடையாது, கைப்பேசிக்கு ஒரு கோடுகூட வராது. சாலை முக்கில் இருக்கும் மளிகைக் கடை வரைக்கும் நடந்தால்தான் சிக்னல்.

லினக்ஸில் மென்பொருள் தொகுப்புத் தொகுப்பாக வரும். ஒன்றுக்கு இன்னொன்று வேண்டும், அதற்கு வேறொன்று வேண்டும். இணையம் இருந்தால் கணினியே எல்லாவற்றையும் தேடிக் கொண்டுவந்துவிடும், நாம் காப்பி குடிக்கலாம். இணையம் இல்லாவிட்டால் நாம்தான் சுமை தூக்கி.

முதல் ஞாயிறு பேசும் தொகுப்பை மட்டும் கொண்டுபோனேன். அக்கா வாசலிலேயே கையை நீட்டினாள். கைப்பேசியைக் கொடுத்தேன். பாப்பாவின் படங்களை வெகுநேரம் பார்த்தாள். எடை சொன்னேன், பிறந்த நேரம் சொன்னேன், மூக்கு அம்மாவுடையது என்று சொன்னேன். பிறகு கணினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பொட்டுகள் என் விரலை உறுத்தின. தொகுப்பை ஏற்றச் சொன்னால், கறுப்புத் திரையில் நான்கு வரி வந்தது. இன்னும் மூன்று சாமான்கள் வேண்டும், அவை இல்லாமல் முடியாது.

கணினியைத் தூக்கிப் பைக்குள் வைக்கப் போனேன். பாரோய்க்குக் கொண்டுபோனால் அரை மணி நேர வேலை. அக்கா உள்ளங்கையை மூடிமேல் வைத்து அழுத்தினாள். ஒரு வாரம் அது என்னிடம் இருந்தால் ஒரு வாரம் அவள் ஊமை. இன்னொரு கணினி வாங்கிக் கொடுத்தால் மறுபடி பொட்டு ஒட்டி, மறுபடி மூன்று மாதம்.

சரி, இங்கேயே செய்துவிடலாம் என்றேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. வீட்டில் குழந்தையைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அதில் ஏதோ வரவேண்டும் என்பதுபோல. கறுப்புத் திரை என் முகத்தைப் பார்க்கவில்லை. இது வேண்டும், அது இல்லை என்று மட்டும் சொன்னது. அந்த அளவுக்கு என்னால் முடிந்தது.

அந்த வாரம் வீட்டில் பெயர் முடிவானது. மனைவிக்குப் பிடித்தது, எனக்கும் பிடித்தது, மாமியார் எழுத்துகளைக் கூட்டிப் பார்த்துச் சரி என்றார். முப்பதாம் நாள் வரைக்கும் வாயால்தான் கூப்பிடக்கூடாது, எழுதலாம் என்று என் மனைவி ஒரு சட்டம் கண்டுபிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். நாற்பது பேர் இதயமும் பூவும் போட்டார்கள். பினாங்கிலிருக்கும் ஒன்றுவிட்ட மாமா, யாரென்று எனக்கே சரியாகத் தெரியாதவர், வாழ்த்துப்பா எழுதியிருந்தார். பார்த்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

இரண்டாம் ஞாயிறு தயாராகப் போனேன். என் மேசைக் கணினியிடம், பேசும் தொகுப்பையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் இறக்கு என்று சொன்னேன். ஏழு கோப்புகள் வந்தன. ஏழையும் கொண்டுபோனேன். எஸ்டேட்டில் ஏற்றினால், இன்னும் ஒன்பது இல்லை என்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. ஒன்பதின் பெயர்களையும் காகிதத்தில் எழுதினேன். வேறு வழி இருக்கிறதா என்று மாலை வரைக்கும் முட்டிப் பார்த்தேன். அக்கா எனக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்தால் கணினி என் மடிக்கு வந்துவிடும், அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. இன்னொன்று கொண்டுவந்து வைத்தாள், அதுவும் ஆறியது.

ஒரு தடவை தோளைத் தட்டினாள். திரும்பினேன். என் கைப்பேசியில் பாப்பாவின் படத்தைக் காட்டினாள். பிறகு தன் வாயைக் காட்டினாள், காதைக் காட்டினாள், உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"ஆகும்க்கா" என்றேன். "அடுத்த வாரம் பேசிரும். நீதான் சொல்லப்போற, கவலப்படாத."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வேலை முடியாத எரிச்சல் என்று நினைத்தேன். எனக்கும் அதே எரிச்சல்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதை விட்டால் மற்றது விளங்காது. அந்த வாரம் வீம்பு பிடித்து, காகிதத்தில் இருந்த ஒன்பதையும், அவற்றுக்கு வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டதையும் சேர்த்து நாற்பதுக்கும் மேல் இறக்கினேன். சில புதிய பதிப்புகள். பழைய கணினிக்குப் பொருந்துமா என்று பார்க்கவில்லை. எஸ்டேட்டில் வைத்து வரிசையாக ஏற்றினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. நானே சரிசெய்து தரட்டுமா என்று கணினி கேட்டது. அதற்காக எவற்றையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று கீழே நீளமாகப் பட்டியலும் போட்டது. இதே தொழிலில் பதினாறு வருஷம் இருக்கிறேன். அந்தப் பட்டியலைப் படிக்காமல் ஆமாம் என்று அழுத்துகிறவனை நானே தொழிற்சாலையில் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அழுத்தினேன்.

தமிழ்த் தட்டச்சு போய்விட்டது. தமிழ் எழுத்துருவும் போய்விட்டது. அக்கா முன்பு எழுதி வைத்திருந்த கோப்புகளைத் திறந்தால், எழுத்துக்குப் பதிலாகக் காலிக் கட்டங்கள் வரிசையாக நின்றன.

அக்கா எட்டிப் பார்த்தாள். முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். பொட்டு ஒட்டிய விசை ஒன்றை அழுத்தினாள், ஏதோ ஆங்கில எழுத்து வந்தது. எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். ஊமையை மேலும் ஊமையாக்கியவன் நான். எனக்கு அப்போது நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. ஒன்றுமே இல்லை. என் மேலேயே எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

இணையம் இருந்தால் போனதைத் திருப்பிவிடலாம். முதன்முதலில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் இருந்தாலும் போதும், தட்டச்சும் எழுத்துருவும் அதில் இருக்கும். அது எங்கே என்று எனக்கு நினைவில்லை. அக்காவிடம் கேட்டேன். பதில் சொல்ல அவளுக்கு வழியில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாமி மேடையைக் காட்டினாள். விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், குங்குமம் வைத்து, அந்தப் பென்டிரைவ் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு வாய் கொடுத்தது அதுதானே என்று அங்கே வைத்திருந்தாள்போல.

அதிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி ஏற்ற மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரத்தில்தான் என் மரமண்டைக்கு விளங்கியது.

தொழிற்சாலையின் உள்தளத்தில் ஓடும் கணினிகளுக்கும் இணையம் கிடையாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அங்கே எதையாவது ஏற்ற வேண்டும் என்றால் முதல் வேலை, அந்தக் கணினியிடமே போய், உன்னிடம் என்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியலை வாங்குவது. அதை வெளியே கொண்டுவந்து, இல்லாததை மட்டும் இறக்கிக்கொண்டு உள்ளே போவேன். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அக்காவின் கணினிக்கு நான் அதைச் செய்யவில்லை. நான் வைத்த கணினி, என் அக்கா வீடு, அதில் என்ன இருக்கிறது இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். வீட்டிலிருந்த என் கணினியிடம் போய், வேண்டியதை எல்லாம் இறக்கு என்றேன். அது தன்னிடம் ஏற்கெனவே இருந்ததை விட்டுவிட்டு, தன்னிடம் இல்லாததை மட்டும் இறக்கியது. என்னிடம் இருந்தது எதுவும் அக்காவுக்குப் போய்ச் சேரவில்லை.

தமிழ் திரும்பியதும், அவள் கணினியில் இருப்பவற்றின் முழுப் பட்டியலையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். மழை கறுத்துக்கொண்டு வந்தது. "வந்துருச்சுக்கா, இனிமே எழுதலாம்" என்று சொல்லி, கணினியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டினேன். வண்டியை எடுத்துத் திரும்பியபோது அக்கா வாசலுக்கு ஓடிவந்து கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். நானும் ஒரு தடவை வேகமாக ஆட்டிவிட்டுப் போனேன்.

நான்காம் ஞாயிறு, இருபத்தேழாம் நாள். காலையில் மாமியார் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "எதுக்கும் புதன்கிழம காலைல வந்துருமா. அங்க பேசலன்னா நீதான் சொல்லணும்." சித்தப்பா மகளிடம். எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. மூன்று வாரம் தோற்றவன்.

அன்றைக்கு இருபத்தொரு கோப்புகள் கொண்டுபோனேன். பட்டியல் கேட்டவை மட்டும், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏற்றச் சொன்னேன். கறுப்புத் திரையில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. எதுவும் கேட்கவில்லை. எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வணக்கம் என்று எழுதி அழுத்தினேன்.

"வணக்கம்" என்றது கணினி.

ஆண் குரலா பெண் குரலா என்று தெரியாத, மூக்கடைத்த ஒரு குரல். தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல. ஆனால் தமிழ். எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்து என்ன வேலை என்றுதான் யோசித்தேன். ஒலியைக் கூட்ட வேண்டும், மூன்று தடவை அழுத்தினால் மூன்று தடவை பேசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அக்கா பின்னாலிருந்து வந்து கணினியை என் மடியிலிருந்து தூக்கினாள். நான்கு வாரத்தில் முதல் தடவை. பாயில் உட்கார்ந்து, தன் கோப்புகளில் ஒன்றைத் தேடித் திறந்தாள். பொட்டுகளைத் தடவிப் பார்த்து, நான் அழுத்திய அதே விசையை அழுத்தினாள். தகர டப்பாக் குரல் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் படித்தது.

"தம்பி. பாப்பாவுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க. மொத வாரம் கேக்கலாம்னு எழுதி வச்சேன். நீ வந்ததும் பொட்டிய வாங்கி மடியில வச்சுக்கிட்ட. ரெண்டாவது வாரம் சாடையில கேட்டேன். ஆகும்க்கான்னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்ட. மூணாவது வாரம் வாசல்ல நின்னு வா வான்னு கூப்பிட்டேன். டாட்டா காட்டிட்டுப் போயிட்ட. பேரே தெரியாம நான் என்னத்தடா காதுல சொல்றது."

படித்து முடித்ததும் கணினி நின்றுவிட்டது. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது பிடிக்கவில்லை.

நாற்பது பேருக்குத் தெரியும். பினாங்கு மாமாவுக்குத் தெரியும். குழுவில் போட்டாயிற்று, எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நானும் இருந்தேன். இந்தப் பள்ளத்துக்குச் சிக்னல் வராது என்பதற்காக நான்கு ஞாயிறு மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். பெயரைச் சொல்லவேண்டியவளுக்கு மட்டும் பெயர் வந்து சேரவில்லை. அது என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதனால் எடுத்துப்போகத் தோன்றவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று. அவளுக்குப் பேச்சு கொண்டுவருகிறேன் என்று ஒவ்வொரு வாரமும் வந்து, வந்த நேரம் முழுக்க அவள் பேச்சை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா" என்றேன். அழுதேன். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டபோது வராதது, பாப்பாவை முதலில் கையில் வாங்கியபோது வராதது, எல்லாம் சேர்ந்து அந்த லயத்து வீட்டுத் தரையில் வந்தது. மூக்கு ஒழுக, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா கணினியை ஓரமாக வைத்துவிட்டு என் தலையைப் பிடித்து ஆட்டினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு கழுத்துத் துளை வழியாகப் புஸ் புஸ் என்று வந்தது. கொட்டகையில் அழுகிற பிள்ளையை இப்படித்தான் ஆட்டுவாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பெயரைச் சொன்னேன். அக்கா உதட்டால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள், நல்லாயிருக்கு என்று. பிறகு தன் வலது காதைக் காட்டி, மூன்று விரலை நீட்டினாள்.

குனிந்து அவள் காதில் மூன்று தடவை சொன்னேன்.

புதன்கிழமை காலை மனைவியையும் பாப்பாவையும் காரில் எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனோம். பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள், சித்தப்பா மகளும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அக்கா பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டாள். கணினியை முக்காலியில் வைத்து, பாப்பாவின் காதுப் பக்கம் திருப்பினேன். அக்கா விசையை அழுத்தினாள். தகர டப்பாக் குரல் பெயரைச் சொன்னது. பாப்பா நெளிந்தாள். இரண்டாம் முறை அழுத்தினாள், சொன்னது. பெண்கள் குலவையிடத் தயாரானார்கள்.

மூன்றாம் முறை அக்கா விசையைத் தொடவில்லை. அந்தக் கையால் கணினியின் மூடியைச் சாத்தினாள். குனிந்து, பாப்பாவின் காதோடு உதட்டை வைத்து அசைத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. அவள் கழுத்திலிருந்து வந்த மூச்சு பட்டு, பாப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு ஆயிருச்சு, குலவ போடுங்க" என்றார்.